எந்த பிராசஸர் வேகமானது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருமண வீடியோக்களை எடுத்துத் தொகுத்துக் கொடுக்கும் ஸ்டுடியோ நடத்துகிறேன். புதிதாக ஒரு கணினி அசெம்பிள் செய்ய வேண்டும். கடைக்காரர் இன்டெல் கோர் ஐ5-12400, ஏஎம்டி ரைசன் 5 5600 என இரண்டு பிராசஸர்களைச் சொல்கிறார். இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் பகுதி), 12 திரெட் (ஒரே நேரத்தில் நடத்தக்கூடிய வேலைத் தொடர்). ஆனால் விலைப்பட்டியலில் முதலாவதற்கு 2.5 கிகாஹெர்ட்ஸ் என்றும் இரண்டாவதற்கு 3.5 கிகாஹெர்ட்ஸ் என்றும் இருப்பதால் ரைசன் 40 சதவீதம் வேகமானது என்கிறார். அவர் சொல்வது சரியா?
(வாசகர், மதுரை)

பதில்: கடைக்காரர் வகுத்தது சரிதான்; வகுக்க எடுத்துக்கொண்ட எண்கள்தான் பொருந்தாதவை. 2.5, 3.5 ஆகிய இரண்டும் அடிப்படை வேகங்கள். 65 வாட் என்று அறிவிக்கப்பட்ட மின்சார வரம்புக்குள் நின்று நெடுநேரம் பளுவைத் தாங்கும்போது இந்த அளவுக்குக் கீழே இறங்காது என்று தயாரிப்பாளர் தரும் உத்தரவாதமே அடிப்படை வேகம். அந்தப் பளு எது என்பதை இன்டெல் ஒரு விதமாகவும் ஏஎம்டி வேறு விதமாகவும் வைத்துக்கொள்வதால், ஒரு நிறுவனத்தின் அடிப்படை வேகத்தை இன்னொரு நிறுவனத்தினுடையதோடு ஒப்பிடுவதில் பயன் ஏதும் இல்லை. ஒரே ஒரு கோர் மட்டும் உழைக்கும்போது இவ்விரண்டு பிராசஸர்களும் எட்டக்கூடிய உச்ச வேகம் ஒன்றுதான்: 4.4 கிகாஹெர்ட்ஸ். ஆறு கோர்களிலும் வேலை ஏறினால் 12400 ஏறத்தாழ 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். 5600 அதற்குச் சற்று மேலே நிற்கும்.

அப்படியானால் 5600 அந்தச் சிறிய அளவுக்காவது முந்த வேண்டும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். கிகாஹெர்ட்ஸ் என்பது ஒரு விநாடியில் கடிகாரம் எத்தனை முறை துடிக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதை அது சொல்வதில்லை. 12400-இல் இருக்கும் கோல்டன் கோவ் வகைக் கோர், ஒரு துடிப்பில் ஆறு கட்டளைகள் வரை பிரித்தறியக்கூடியது. முடிவு தெரியாமல் காத்திருக்கும் 512 கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றில் எது தயாரோ அதை முன்னால் செய்யக்கூடியது. 5600-இல் இருக்கும் ஜென் 3 வகைக் கோரில் இந்த எண்கள் நான்கும் 256-ம் ஆகும். மறுபுறம், எல்லாக் கோர்களும் பகிர்ந்துகொள்ளும் மூன்றாம் நிலை கேஷ் (அடிக்கடி வேண்டிய தரவை அருகிலேயே வைத்திருக்கும் சிறு நினைவகம்) 12400-இல் 18 எம்பி, 5600-இல் 32 எம்பி. ஒன்றின் பலம் மற்றதன் பலத்தை ஈடுகட்டிவிடுவதால், பெரும்பாலான பொதுச் சோதனைகளில் இரண்டுக்கும் இடையே சில சதவீத வித்தியாசம்தான் வருகிறது. அந்த அளவு வித்தியாசத்தை ஸ்டுடியோவில் உட்கார்ந்து வேலை செய்பவர் உணர மாட்டார்.

உங்கள் தொழிலைப் பொறுத்தவரை முடிவை மாற்றக்கூடியது வேறொன்று. 12400-க்குள் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் பகுதி இருக்கிறது. 5600-இல் கிராபிக்ஸ் பகுதியே கிடையாது. நல்ல கிராபிக்ஸ் கார்டு போடப்போகிறோம், உள்ளே இருக்கும் சிறிய கிராபிக்ஸ் எதற்கு என்று பலரும் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் இப்போதைய சோனி, கேனான் மிரர்லெஸ் கேமராக்களில் பலவும் எச்.265 என்ற சுருக்கு முறையில், 10-பிட், 4:2:2 வண்ண அளவில் (வண்ண விவரம் கூடுதலாகச் சேமிக்கப்படும் வகை) பதிவு செய்யக்கூடியவை. வண்ணத்தைச் சரிசெய்ய வசதியாக இருப்பதால் திருமண வீடியோ எடுப்பவர்கள் அதை விரும்புகிறார்கள். யுஎச்டி 730-இல் அந்த வகைக் கோப்பை விரித்துக் காட்டுவதற்கென்றே தனி மின்சுற்று இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் 4:2:2 எச்.265-க்கு அந்த வசதி இல்லை. ஆகையால் 5600-உடன் ஆர்டிஎக்ஸ் 3060 போன்ற கார்டைப் போட்டால், டைம்லைனில் ஒரு காட்சியை ஓடவிட்டுப் பார்க்கும்போது அதை விரிக்கும் வேலை முழுவதும் ஆறு கோர்களின் தலையில் விழும். இரண்டு மூன்று கேமராக் காட்சிகளை ஒன்றாக வைத்து வெட்டும்போது படம் திக்கித் திக்கி ஓடும். பிராக்ஸி கோப்புகளை (தொகுக்கும்போது மட்டும் பயன்படும் சிறிய நகல்களை) உருவாக்கிக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும். இங்கே ஒப்பீடு கோர்களைப் பற்றியதே அல்ல.

எனவே உங்கள் கேமரா 4:2:2-இல் பதிவு செய்கிறது என்றால் 12400-ஐ வாங்குங்கள். பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள 12400எஃப் சற்று மலிவாகக் கிடைக்கும்; அதில் கிராபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டிருக்கும் என்பதால் உங்களுக்கு அது வேண்டாம். தனி கிராபிக்ஸ் கார்டைச் செருகியதும் சில மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸ் (கணினி தொடங்கும்போது இயங்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் அதை மீண்டும் இயக்கித் தரும்படி அசெம்பிள் செய்பவரிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கேமரா 8-பிட், 4:2:0, எச்.264 முறையில் மட்டுமே பதிவு செய்கிறது என்றால் மேலே சொன்னது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. எந்தக் கிராபிக்ஸ் கார்டும் அதை விரித்துவிடும். மதர்போர்டையும் சேர்த்து எது மலிவோ அதை வாங்கலாம். கேமராவின் மெனுவைப் பார்த்து அந்த ஒரு விவரத்தையும் எழுதியிருந்தால் இந்தப் பதில் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

கேள்வி: பொறியியல் கல்லூரியில் சேரும் மகளுக்கு லேப்டாப் வாங்க வேண்டும். ஒன்றில் கோர் ஐ5-1235யூ (10 கோர்), இன்னொன்றில் ரைசன் 5 7520யூ (4 கோர்). ரைசன் 7000 வரிசை என்பதால் அதுதான் புதியது, ஐ5 பழைய 12-ஆம் தலைமுறை என்கிறார்கள். கோர் எண்ணிக்கையை நம்புவதா, புதிய வரிசையை நம்புவதா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். முதலில் ரைசனைப் பார்ப்போம். ஏஎம்டியின் இந்த நான்கு இலக்கப் பெயரில் முதல் இலக்கமான 7, அந்தப் பெயர் எந்த ஆண்டு வரிசையைச் சேர்ந்தது என்பதை மட்டுமே காட்டும். கோர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைக் காட்டுவது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2. அதாவது ஜென் 2, 2019-இல் அறிமுகமான வடிவமைப்பு. 7530யூ என்றால் ஜென் 3. 7540யூ என்றால் ஜென் 4. மூன்றின் மேலும் 'ரைசன் 5' என்ற ஒரே ஸ்டிக்கர்தான் ஒட்டப்பட்டிருக்கும். 7520யூவில் 4 கோர், 8 திரெட், 4 எம்பி மூன்றாம் நிலை கேஷ். 7530யூவில் 6 கோர், 12 திரெட், 16 எம்பி கேஷ். பெயரில் ஒரே ஓர் இலக்கம் மாறும்போது உள்ளே இவ்வளவு மாறுகிறது என்பதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தப் பெயரிடும் முறை வாங்குபவருக்கு உதவுவதற்காக ஏற்பட்டது என்று எனக்குத் தோன்றவில்லை.

ஐ5-1235யூவின் 10 கோர்களும் ஒரே தரத்தவை அல்ல. அவற்றில் 2 மட்டுமே முழு வலிமை கொண்டவை, அவை 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். மீதி 8 கோர்கள் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகச் சிறிதாக அமைக்கப்பட்டவை. அவற்றின் உச்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ். அப்படியிருந்தும் நீங்கள் குறிப்பிட்ட இரண்டில் 1235யூ தெளிவாக முந்தும்; ஒற்றைக் கோர் வேலையிலும் முந்தும், பல கோர் வேலையிலும் முந்தும். ஆனால் அதே கடையில் 7530யூ உள்ள லேப்டாப் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைத்தால் போட்டி சமமாகிவிடும். ஒரு நிரலைத் திறப்பது, இணையப் பக்கத்தை ஏற்றுவது போன்ற குறுகிய வேலைகளில் 1235யூ சுறுசுறுப்பாக இருக்கும். பெரிய நிரல் ஒன்றைக் கம்பைல் செய்வது போல எல்லாக் கோர்களும் நிமிடக்கணக்கில் உழைக்க வேண்டிய வேலைகளில், ஆறும் முழு வலிமைக் கோர்களாக இருப்பதால், பொதுவாக 7530யூ கை ஓங்கும்.

லேப்டாப்பில் பிராசஸரின் பெயரைவிடப் பெரிய விஷயம் அதற்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கிறார்கள், எழும் சூட்டை எப்படி வெளியேற்றுகிறார்கள் என்பது. 1235யூவின் அடிப்படை அளவு 15 வாட். குறுகிய நேரத்துக்கு 55 வாட் வரை செல்ல இன்டெல் அனுமதிக்கிறது. இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவே எங்கே நிறுத்துவது என்பதை லேப்டாப் தயாரிப்பாளரே முடிவு செய்கிறார். ஆகவே ஒரே பிராசஸர் பொருத்திய இரண்டு லேப்டாப்களில் ஒன்று மற்றதைவிடக் கணிசமாக மெதுவாக ஓடலாம். ஆப்பிள் 2020 நவம்பரில் எம்1 பிராசஸரை வெளியிட்டபோது அதை விசிறி இல்லாத மேக்புக் ஏரிலும், விசிறி உள்ள 13 அங்குல மேக்புக் ப்ரோவிலும் வைத்தது. முதல் சில நிமிடங்கள் இரண்டும் ஒன்றாகவே ஓடும். பளு நீடித்தால் ஏர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கடையில் சோதித்துப் பார்க்க முடியுமானால், சார்ஜரைச் செருகிய நிலையில் சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவச மென்பொருளின் 10 நிமிடச் சோதனையை ஓடவிடுங்கள். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தால் பிராசஸரின் அப்போதைய வேகம் தெரியும். தொடக்கத்தில் தெரிந்த கிகாஹெர்ட்ஸ் பத்தாவது நிமிடத்தில் எவ்வளவுக்கு இறங்கி நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் மகள் நாள்தோறும் பயன்படுத்தப்போவது அந்த இறங்கிய வேகத்தைத்தான். ஏசி ஓடும் கடையில் நல்லபடி நடந்துகொள்ளும் லேப்டாப், சித்திரை வெயிலில் விடுதி அறையில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேமையும் பார்த்துவிடுங்கள். 7520யூ ஏற்கும் எல்பிடிடிஆர்5 வகை ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு வரும் என்பதால், 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபிதான். 1235யூ லேப்டாப்கள் பலவற்றில் ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். ஒரே ரேம் அட்டை இருக்கும்போது அதன் கிராபிக்ஸ் 'யுஎச்டி' என்று காட்டும். இன்னொரு அட்டையைப் போட்டு இரண்டு வழிகளிலும் தரவு ஓடத் தொடங்கியதும் அதே கிராபிக்ஸ் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்று பெயர் மாறி, வேகமும் கூடும்.

கேள்வி: தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். எக்செல் மேக்ரோக்கள் மிகவும் மெதுவாக ஓடுகின்றன. ஐ3-12100 கணினியை ஐ5-12400-ஆக மாற்றினால் வேகம் கூடுமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: கூடும் என்று சொல்லிச் செலவு வைக்க மனம் வரவில்லை. எக்செல், 2007 பதிப்பிலிருந்தே கலத்தில் உள்ள சூத்திரங்களைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கணக்கிடும். ஆனால் விபிஏ என்ற எக்செல் நிரல்மொழியில் எழுதிய மேக்ரோ ஒரே திரெட்டில்தான் ஓடும். 12100-இலும் 12400-இலும் இருப்பது ஒரே வகைக் கோர்; உச்ச வேகம் ஒன்றில் 4.3 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 4.4. கூடுதலாக வாங்கும் இரண்டு கோர்கள் உங்கள் மேக்ரோ ஓடும்போது சும்மா இருக்கும். அதற்குப் பதிலாக, மேக்ரோவின் தொடக்கத்தில் திரையைப் புதுப்பிப்பதையும் தானியங்கிக் கணக்கீட்டையும் நிறுத்தி, முடிவில் மீண்டும் இயக்கும் வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியாகத் தொட்டு எழுதும் மேக்ரோக்களில், புதிய பிராசஸர் தராத வேகத்தை இது செலவில்லாமல் தந்துவிடும்.

கேள்வி: கோர் ஐ5-13400, ரைசன் 5 7600 இரண்டையும் ஒப்பிட்ட இரண்டு கட்டுரைகளைப் படித்தேன். ஒன்று இன்டெல் வேகமானது என்கிறது. மற்றொன்று ஏஎம்டி வேகமானது என்கிறது. இரண்டிலும் வரைபடங்கள் இருக்கின்றன. யாரோ ஒருவர் பொய் சொல்கிறாரா?
(வாசகர், திருச்சி)

பதில்: யாரும் பொய் சொல்லாமலே இது நடக்கும். 13400-இல் 6 பெரிய கோர்களும் 4 சிறிய கோர்களும் சேர்ந்து 16 திரெட்; உச்சம் 4.6 கிகாஹெர்ட்ஸ். 7600-இல் இருப்பவை 6 கோர், 12 திரெட், உச்சம் 5.1 கிகாஹெர்ட்ஸ். சினிபெஞ்ச் போன்ற சோதனை, ஒரு முப்பரிமாணப் படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கோருக்கும் ஒரு கட்டத்தைக் கொடுத்துவிடுகிறது. ஒரு கட்டத்தை முடிக்க இன்னொரு கட்டத்தின் விடை தேவைப்படுவதில்லை. அங்கே கோர் எண்ணிக்கைக்கு முழு மதிப்புக் கிடைப்பதால் 13400 முந்துகிறது. விளையாட்டுகளிலும் ஒற்றைக் கோர் சோதனைகளிலும் கூடுதல் கோர்களுக்கு வேலை இல்லாததால் 7600 முந்துகிறது. 2023-இல் வந்த கீக்பெஞ்ச் 6 என்ற சோதனை மென்பொருள், தன் பல கோர் சோதனையை மாற்றியமைத்து, எல்லாக் கோர்களும் ஒரே வேலையைச் சேர்ந்து செய்யும்படி வைத்தது. அதில் கோர்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் மதிப்பெண் அதே விகிதத்தில் ஏறாது.

இதற்கான கணக்கைக் கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967-இலேயே சொல்லிவிட்டார். ஒரு வேலையில் கால் பங்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்யப்பட முடியும், மீதி முக்கால் பங்கைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். 6 கோர்களில் அந்த வேலை ஏறத்தாழ 2.7 மடங்கு வேகமாக முடியும். கோர்களை இரட்டிப்பாக்கி 12 ஆக்கினால் 5.4 மடங்கு ஆகாது, 3.2 மடங்குதான் ஆகும். கோர்களை எண்ணற்ற அளவுக்குக் கூட்டினாலும், பிரிக்க முடியாத கால் பங்கு அப்படியே நிற்பதால், 4 மடங்கைத் தாண்டவே முடியாது. ஆகவே 16 திரெட்டா 12 திரெட்டா என்ற கேள்விக்கு, உங்கள் வேலையில் பிரிக்க முடியாத பகுதி எவ்வளவு என்பதை அறியாமல் விடை சொல்ல இயலாது.

இன்னொரு சிக்கல் சராசரியில் இருக்கிறது. பல கட்டுரைகளின் கடைசியில் 'சராசரியாக இத்தனை சதவீதம் வேகம்' என்று ஒரு வரி வரும். அதை எப்படிக் கணக்கிட்டார்கள் என்பதைப் பாருங்கள். அ, ஆ என்று இரண்டு பிராசஸர்கள், இரண்டு வேலைகள். அ முதல் வேலையை 10 விநாடியிலும் இரண்டாவதை 40 விநாடியிலும் முடிக்கிறது. ஆ இரண்டையுமே 20, 20 விநாடிகளில் முடிக்கிறது. அ-வை அளவுகோலாக வைத்தால், ஆ எடுத்துக்கொள்ளும் நேரம் முதல் வேலையில் 2 மடங்கு, இரண்டாவதில் அரை மடங்கு. கூட்டிச் சராசரி எடுத்தால் 1.25. அதாவது ஆ 25 சதவீதம் அதிக நேரம் எடுக்கிறது. இப்போது ஆ-வை அளவுகோலாக வையுங்கள்: அ எடுக்கும் நேரம் அரை மடங்கும் 2 மடங்குமாகி, சராசரி மறுபடியும் 1.25. இப்போது அ 25 சதவீதம் அதிக நேரம் எடுக்கிறது! அளந்த விநாடிகள் ஒன்றுகூட மாறவில்லை, அளவுகோல் மட்டும் மாறியது, தோற்றவர் ஜெயித்துவிட்டார்.

இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான், கணினி வேகச் சோதனைகளை வகுப்பதற்காக 1988-இல் தொடங்கப்பட்ட ஸ்பெக் அமைப்பு தன் சோதனைகளில் விகிதங்களைப் பெருக்கி மூலம் காணும் பெருக்கல் சராசரியைப் பயன்படுத்துகிறது. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அப்படிக் கணக்கிட்டால், எதை அளவுகோலாக வைத்தாலும் விடை 1; இரண்டும் சமம். ஆனால் அந்த இரண்டு வேலைகளையும் தினமும் ஒவ்வொரு முறை செய்பவருக்கு மொத்த நேரம் அ-வில் 50 விநாடி, ஆ-வில் 40 விநாடி. அவருக்கு ஆ-தான் வேகமானது. முதல் வேலையை மட்டும் நாள் முழுவதும் செய்பவருக்கு அ இரண்டு மடங்கு வேகமானது. சராசரியை எவ்வளவு சரியாகக் கணக்கிட்டாலும், உங்கள் மேசையில் எந்த வேலை எத்தனை முறை நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எனவே கட்டுரையின் கடைசி வரியை விட்டுவிட்டு, நடுவே உள்ள வரைபடங்களில் உங்கள் வேலைக்கு நெருக்கமான ஒன்றிரண்டை மட்டும் பாருங்கள். அங்கும் ரேம் என்ன வேகத்தில் இருந்தது, மின்சார வரம்பைத் தளர்த்தினார்களா என்பதை எழுதியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். 13400 டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு வகை ரேமையும் ஏற்கும். 7600 டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். ஒரு கட்டுரையில் 13400-க்கு டிடிஆர்4 போட்டுச் சோதித்திருந்தால் அந்த ஒப்பீட்டில் ரேமும் கலந்துவிட்டது.

கேள்வி: ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் வாங்கிய பென்டியம் 4 கணினியிலேயே 3 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. இன்றும் 4.4 என்றுதான் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் ஒன்றரை மடங்குதான் முன்னேறியிருக்கிறோமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: கடிகாரத்தில் அவ்வளவுதான், வேலையில் பல மடங்கு. பென்டியம் 4 வெளிவந்த 2000-ஆம் ஆண்டில், வாங்குபவர் பார்க்கும் ஒரே எண்ணாக கிகாஹெர்ட்ஸ் ஆகிவிட்டிருந்தது. அந்த எண்ணை உயர்த்துவதற்காகவே அதன் உள்ளமைப்பு வகுக்கப்பட்டது என்று சொல்லலாம். ஒரு கட்டளையை நிறைவேற்றும் வேலையை 20 படிகளாக நறுக்கினார்கள். 2004-இல் வந்த பிரெஸ்காட் வகையில் அது 31 படிகள் ஆனது. கட்டட வேலையில் செங்கலைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்கும் வரிசையில் ஆட்களைக் கூட்டினால் ஒவ்வொருவரும் நகர்த்தும் தூரம் குறைந்து தாளம் விரைவாகும் அல்லவா, அதுபோலப் படிகள் கூடக் கூடக் கடிகாரத்தை வேகமாக ஓட்டலாம். ஆனால் நிரலில் 'இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்ற கிளை வரும் இடங்களில் எந்தப் பக்கம் போகும் என்பதை பிராசஸர் முன்கூட்டியே ஊகித்துக் கட்டளைகளை வரிசையில் ஏற்றிவிடுகிறது. ஊகம் தவறினால் வரிசையில் இருப்பதை எல்லாம் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை எவ்வளவு நீளமோ நஷ்டமும் அவ்வளவு.

அதனால்தான் 2001 அக்டோபரில் ஏஎம்டி வெளியிட்ட ஆத்லான் எக்ஸ்பி 1800+, உண்மையில் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடியும், தன்னைவிட அதிக கிகாஹெர்ட்ஸ் கொண்ட பென்டியம் 4-களோடு சரிக்குச் சரி நின்றது. கிகாஹெர்ட்ஸை மட்டுமே பார்க்கும் வாடிக்கையாளருக்கு அதைப் புரியவைக்க வழியில்லாமல்தான் ஏஎம்டி '1800+' போன்ற பெயர்களைச் சூட்டியது.

கடிகாரத்தை இன்னும் முடுக்க மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டியிருக்கும். செலவாகும் மின்சாரம் அழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும்; அதோடு கடிகார வேகத்துக்கு ஏற்பவும் உயரும். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அழுத்தத்தையும் குறைத்துக்கொள்ளலாம் என்று ராபர்ட் டென்னார்டும் அவருடைய ஐபிஎம் சகாக்களும் 1974-இல் வகுத்த கணக்கு 2000-களின் நடுவில் கைகொடுக்கத் தவறியது. மின்சாரம் சூடாகவே வெளியேறியது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று அறிவித்திருந்த இன்டெல், 2004-இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு 3.8-உடன் நின்றுகொண்டது. 2006 ஜூலையில் 14 படிகள் மட்டுமே கொண்ட கோர் 2 டுவோ வந்தபோது, அந்த வரிசையில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடிய இ6600, அதே நிறுவனத்தின் 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் டி 960-ஐப் பெரும்பாலான சோதனைகளில் பின்தள்ளியது. இரண்டிலும் இரண்டு கோர்கள்தான் என்பதால் கோர் எண்ணிக்கையின் மேலும் பழியைப் போட முடியாது. பென்டியம் 4 தன் கையில் வைத்துக் காத்திருக்கக்கூடிய கட்டளைகள் 126. மதுரை வாசகருக்குச் சொன்ன 12400-இல் அது 512. உங்கள் பள்ளிக் கணினிக்கும் இன்றைய கணினிக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இத்தகைய இடங்களிலும் கேஷிலும் கோர்களின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் கிகாஹெர்ட்ஸில் அது தெரியாது.

கேள்வி: என்னிடம் பி450 மதர்போர்டும் ரைசன் 5 2600-உம் உள்ளன. பெரும்பாலும் விளையாட்டுக்குத்தான் கணினி. 5700எக்ஸ் உச்ச வேகம் 4.6 கிகாஹெர்ட்ஸ், 5700எக்ஸ்3டி உச்ச வேகம் 4.1 மட்டுமே. வேகம் குறைந்ததற்கு ஏன் விலை அதிகம்?
(கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: இரண்டும் 8 கோர் கொண்ட ஜென் 3 பிராசஸர்கள். எக்ஸ்3டியில் கோர்கள் இருக்கும் சில்லின் மேல் இன்னொரு கேஷ் சில்லை அடுக்கி, 32 எம்பியை 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். மேலே ஒரு சில்லு உட்கார்ந்திருப்பதால் சூடு வெளியேறுவது கடினம். அந்தக் கேஷ் தாங்கும் மின்னழுத்தத்துக்கும் வரம்பு உண்டு. அதனால்தான் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். வீடியோவை மாற்றுவது, ஜிப் செய்வது, சினிபெஞ்ச் போன்றவற்றில் 5700எக்ஸ் முந்தும். விளையாட்டுகளில் பெரும்பாலானவை சிதறிக் கிடக்கும் தரவுகளை இடைவிடாமல் தேடுபவை. ரேமுக்குப் போய்வரும் காத்திருப்பு குறைவதால் 4.1-இல் ஓடுவது 4.6-ஐ முந்திவிடும்.

ஆனால் அந்த லாபம் உங்கள் கிராபிக்ஸ் கார்டு அனுமதித்தால்தான் கண்ணில் படும். நீங்கள் விளையாடும் விளையாட்டில் திரையின் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்குக் குறைத்துப் பாருங்கள். விநாடிக்கு வரும் பிரேம்கள் கூடவில்லை என்றால் தடை பிராசஸரில் இருக்கிறது. எக்ஸ்3டிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. நன்றாகக் கூடிவிட்டால் தடை கிராபிக்ஸ் கார்டில் இருக்கிறது. பிராசஸரை இப்போதைக்கு மாற்றாமல் அந்தப் பணத்தைக் கார்டுக்குச் சேர்த்து வையுங்கள்.

பிராசஸரை மாற்றுவதென்று முடிவானால், 2600-உடன் வந்த சிறிய கூலர் 65 வாட்டுக்கு உரியது, எக்ஸ்3டியின் மதிப்பீடு 105 வாட் என்பதால், கூலருக்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். மதர்போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் போர்டுக்கான பட்டியலில் 5700எக்ஸ்3டி எந்த பயாஸ் பதிப்பிலிருந்து சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பார்த்து, பழைய 2600 செருகியிருக்கும்போதே அந்தப் பதிப்பை ஏற்றிவிடுங்கள். கழற்றிவிட்டுப் பிறகு ஏற்றலாம் என்று விட்டால் புதிய பிராசஸரில் கணினி தொடங்கவே தொடங்காது.